சைவப் பூனையின் பத்தியம்

பூனைக்கு எந்த உணவு நல்லது என்று யாராவது கேட்டால், இப்போது நீங்கள் திரும்பி அலமாரியைக் காட்டுகிறீர்கள். அதில் பளபளக்கும் பைகள். குட்டிக்கு ஒன்று, கிழத்துக்கு ஒன்று, குண்டுப் பூனைக்கு ஒன்று, முடி கொட்டும் பூனைக்கு ஒன்று. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. என் தலையில் முடி கொட்டியபோது யாரும் இத்தனை அக்கறை காட்டவில்லை.

நான் கால்நடை உதவி மருத்துவராக ஒரகடம் பக்கம் ஒரு அரசு மருந்தகத்தில் பொறுப்பேற்றது எழுபதுகளின் பிற்பகுதியில். இன்று கார் கம்பெனிகள் நிற்கிற இடத்தில் அன்று வேர்க்கடலை நின்றது. மருந்தகத்தின் தினசரிப் பதிவேட்டில் பசுவுக்கு ஒரு பத்தி, எருமைக்கு ஒரு பத்தி, ஆட்டுக்கு, கோழிக்குத் தனித்தனிப் பத்தி. பூனைக்குக் கிடையாது. பூனை வந்தால் ‘இதர’ என்ற கடைசிப் பத்தியில் ஒரு கோடு போட வேண்டும். வல்லக்கோட்டைக் கிருத்திகைக்கு வந்து காலை ஒடித்துக்கொண்ட குரங்கும் அதே பத்திதான். மாத அறிக்கையில் இதர என்ற எண்ணிக்கை கூடினால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். பால் கொடுக்காத, ஏர் உழாத, வெட்டித் தின்ன முடியாத ஒரு பிராணிக்காக அரசாங்க மருத்துவர் ஏன் நேரம் செலவழிக்கிறார் என்பது அவர்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதச் சொன்னார்கள். ஊசி எப்படிப் போடுவது என்று எழுதப் போவதில்லை. உங்களுக்கு அது தெரியும். தெரியாவிட்டால் மாடு கற்றுக்கொடுக்கும். ஒரு பூனைக்குச் சரியான உணவைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். அதற்கு விலங்கியல் கொஞ்சம் உதவியது. அரசு விதிகள் நிறைய உதவின.

வாலாஜாபாத் சாலையில் அப்போது ஒரு இரும்பு வார்ப்பட ஆலை இருந்தது. பம்புக்கான உறைகளை வார்த்து அனுப்புவார்கள். அதன் மேனேஜர் நமச்சிவாயம். திருநீறு கலையாத நெற்றி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. குடும்பம் பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னையில். இவர் சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறிப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் ஆலைக் குடியிருப்பிலிருந்த பங்களாவில் அவரும் ஒரு சமையற்காரரும் கோமளாவும்.

கோமளா ஒரு பூனை. வெள்ளை உடம்பு, இரண்டு காதுக்கும் நடுவே ஒரு பழுப்புத் திட்டு. வார்ப்புக்கான மர மாதிரிகளைச் செதுக்கும் பட்டறையில், மரச்சுருள் பெட்டிக்குள், கண் திறக்காத குட்டியாகக் கிடைத்ததாம். அன்றிலிருந்து அதைப் பருப்பு சாதத்திலேயே வளர்த்துவிட்டார். அது அவருடைய வாழ்க்கையின் பெரிய சாதனை. ஆலையைப் பார்க்க வருகிறவர்களை உலைக்கூடத்துக்கு அழைத்துப் போகும் முன் கோமளாவைக் காட்டுவார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவர் செய்யும் உபதேசத்திலும் அவள் உண்டு.

“எல்லாம் பழக்கம்தான். என் கோமளாவைப் பாருங்க, பிறந்ததுலேர்ந்து சைவம். ஒரு பூனையே திருந்தும்போது நீங்க சாராயத்தை விடக்கூடாதா?”

வேலையாட்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். திருந்தினார்களா என்று தெரியாது. ஆனால் மாணிக்கம் என்ற தோட்டக்காரர், தான் தின்று மீந்த கோழி எலும்பை ஒரு நாள் கோமளாவுக்குப் போட்டதை மேனேஜர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து மாணிக்கம் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆலையின் பின்புறம், வெயிலில், வார்ப்பட மணல் சலித்துக்கொண்டிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வைத்திருந்தார்கள்.

ஒரு மார்ச் மாதம், காலை நேரத்து மாடுகளைப் பார்த்து அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஆலையின் ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, “டாக்டர் சார், கோமளாம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல” என்றார். அம்மா என்று சேர்த்துச் சொன்னதிலிருந்தே நிலைமை புரிந்தது.

பங்களாவின் கூடத்தில், பிரம்பு நாற்காலியில், மடித்த துண்டின் மேல் அவள் படுத்திருந்தாள். முதுகெலும்பு தோலுக்கு மேல் தெரிந்தது. முடியில் பளபளப்பு இல்லை. மேனேஜர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நேத்து வரைக்கும் தட்டை மோந்தாவது பார்த்தா. இன்னிக்கு அதுவும் இல்லை, டாக்டர்.”

“சாப்பிட என்ன குடுக்கறீங்க?”

“காலைல பால். மதியம் பருப்பு சாதம், நெய் விட்டுப் பிசைஞ்சு. ராத்திரி தயிர் சாதம். வேற எந்த வீட்டுப் பூனைக்கு இப்படிக் கிடைக்கும், சொல்லுங்க.”

“பூனையை விடுங்க சார். எனக்கே கிடைக்கறதில்லை.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பரிசோதித்தேன். காய்ச்சல் இல்லை. தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. வயிற்றில் கட்டி இல்லை. ஆனால் காதின் உட்புறத் தோலில் லேசான மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. அது நல்லதல்ல. மாடு நாலு நாள் தின்னாவிட்டாலும் உள்ளே இருப்பதை வைத்து ஒருவாறு சமாளிக்கும். சதைப்பிடிப்பாக இருந்த பூனை பட்டினி கிடந்தால் அதன் ஈரல் கெட்டுவிடும். பிறகு தட்டில் தங்கத்தை வைத்தாலும் தின்னாது. கோமளாவுக்கு அதிக அவகாசம் இல்லை.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர், இப்போது ஏன் நோய் வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி மேனேஜருடையது. மருத்துவரின் கேள்வி வேறு. பூனை ஊனுண்ணி. அதன் உடம்புக்கு வேண்டிய சில சத்துகள் பருப்பிலும் நெய்யிலும் கிடையாது. வெறும் பருப்பு சாதத்தில் வருடக்கணக்கில் வளர்ந்த பூனைக்கு முதலில் கண் மங்கியிருக்க வேண்டும், முடி உதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் இவள் கண்கள் கண்ணாடி போல் இருந்தன. பற்கள் வெளேரென்று, கசாப்புக் கடைக்காரரின் கத்தி வரிசை மாதிரி. சமீபத்தில்தான் இளைத்திருந்தாள். ஆகவே நான் கேட்டுக்கொண்ட கேள்வி: இந்த நோய் இத்தனை வருடம் ஏன் வரவில்லை?

“சார், கொஞ்சம் மீன் குடுத்துப் பார்க்கலாம்” என்றேன், எதற்கும் சொல்லி வைப்போம் என்று.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வார்ப்பட உலையே இருந்தது. “டாக்டர், நீங்க படிச்சவர்.”

“ஆமாம் சார். படிச்சதுலதான் அப்படிப் போட்டிருக்கு.”

“வேற மருந்து சொல்லுங்க.”

பூனையைத் தூக்கித் தரையில் விட்டேன். நோயாளி பேசாவிட்டால் நடக்க விட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரம் ஆலையில் மதியச் சங்கு ஊதியது. அதுவரை துணி போலக் கிடந்த கோமளா தலையை நிமிர்த்தினாள். தள்ளாடி நடந்து சமையற்கட்டைக் கடந்தாள். தன் பருப்பு சாதத்தைத் திரும்பியும் பார்க்காமல் கொல்லைப்புறம் போனாள். மதில் மேல் ஏற இரண்டு முறை முயன்று விழுந்து, மூன்றாவது முறை ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைந்தாள்.

“அந்தப் பக்கம் வெயில் நல்லா விழும். காயப் போவா” என்றார் மேனேஜர். மார்ச் மாதத்து உச்சி வெயிலில் பூனை காயப் போகிறது என்று அவர் முழு மனதோடு நம்பினார். அன்பு மிகுந்தவர்களின் வாக்குமூலத்தை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம், ஆலையில் ஃபோர்மேனுக்கு ஒரு படி கீழே சார்ஜ்மேனாக இருந்த ஆரோக்கியசாமியின் வீடு. ஒருவர் வீட்டுக்குள் பூனையைத் தேடி நுழைய கால்நடை மருத்துவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கோழி வளர்க்கும் எந்த வீட்டுக்குள்ளும் கழிச்சல் நோய்த் தடுப்பூசிக்காக அவர் நுழையலாம். ஆரோக்கியசாமி வீட்டில் கோழிகள் இருந்தன. மேனேஜரிடம் ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

ஆரோக்கியசாமியின் மனைவி பிலோமினா வெளியே வந்தார். “வாங்க டாக்டர் சார். இன்னா இந்த வெயில்ல?”

“கோழிக்குத் தடுப்பூசி.”

“போன மாசந்தானே சார் போட்டீங்க?”

“மறுபடி ஒரு தடவை பார்க்கலாம்னு.”

“ஊசிய காணோமே?”

இப்படிப்பட்டவர்களிடம் சுற்றி வளைப்பது வீண். நேராகக் கேட்டேன். “மேனேஜர் பங்களாப் பூனை இங்கே வருமாம்மா?”

“பூனையா? எந்தப் பூனை? எங்க வூட்டாண்ட பூனையே வராது சார்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் சமையற்கட்டு ஜன்னல் வழியாகக் கோமளா உள்ளே குதித்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் தட்டு இருந்தது. நேராக அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். தட்டு காலி.

“ரோசி! போ அந்தாண்ட!” என்று பிலோமினா அதட்டினார்.

பெயர் வாயிலிருந்து வந்துவிட்டதை அவர் உணர்வதற்குள் ரோசி தட்டை நக்கத் தொடங்கியிருந்தாள். பிலோமினா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“இன்னா சார் பண்றது?” என்று அவரே ஆரம்பித்தார். “குட்டியா கீறப்பவே செவுரு ஏறி வந்துச்சு. ஏரி மீன் கழுவிகினு இருந்தேன். ஒரு தலைய தூக்கிப் போட்டேன். அன்னிலேர்ந்து சங்கு ஊதுனா வந்துரும். நாங்க துன்றதுக்கு முன்னாடி அதுக்கு வெச்சிரணும்.”

ஆக, அவளுடைய சைவம் மதிலோடு முடிந்துவிடுகிறது. எலி பிடிக்கும் தொழிலைக்கூட அவள் மறந்துவிட்டாள். வேலை செய்யாமலே சம்பளம் வருகிற இடத்தில் யார் வேலை செய்வார்கள்? இது பூனைக்கு மட்டும் உரிய குணமும் அல்ல.

“இப்போ ஏன் நிறுத்திட்டீங்க?”

“தவக்காலம் சார். சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் இந்த வூட்ல கவுச்சி ஏறாது. மீன் சட்டிய கவுத்து வெச்சிட்டேன்.” பரண் மேல் கவிழ்ந்திருந்த சட்டியைக் காட்டினார்.

விதி என்று ஒன்று இருந்தால் அதைப் படித்துவிடுவது என் வழக்கம். “உங்க சபை விதிப்படி தவக்காலத்துல இறைச்சிக்குத்தானேம்மா தடை? மீனுக்கு இல்லையே?”

“அது சாமியார் சொல்றது சார். இது நான் நேர்ந்துகினது. இவருக்கு ஃபோர்மேன் வேலை கெடைக்கணும்னு மாதாகிட்ட வேண்டிகினு கீறேன். கெடைச்சா இந்த வருசம் மட்டும் இல்ல, உசுரு கீற வரைக்கும் வருசா வருசம்.”

“சரி. பூனை நேர்ந்துக்கலையே?”

“அது எங்க வூட்ல துன்னுதுல்ல? அப்ப எங்க வூட்டு ஆளுதானே?”

இறையியலில் எனக்குப் பயிற்சி இல்லை. அப்போது ஆரோக்கியசாமி மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். கை முழுக்கக் கரி. வாசலில் நான், உள்ளே பூனை, நடுவில் மனைவி. ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

“சொன்னேனா இல்லியா? வேணாம் வேணாம்னு அப்பவே சொன்னேனா இல்லியா?”

“இன்னாத்த சொன்ன? மடியில வெச்சிகினு முள்ளு எடுத்துக் குடுத்தது நீதானே?”

“அது அப்போ. இப்ப பாரு. எனக்கு வேலை கெடைக்க நேர்ந்துகினு, வேலை குடுக்கறவரு பூனைய பட்டினி போட்டு சாவடிக்கிற.”

“நான் இன்னா அந்த ஆள்கிட்டயா வேண்டிகினேன்? மாதாகிட்ட வேண்டிகினேன்.”

“கையெழுத்து மாதாவா போடுவாங்க?”

“போட வெப்பாங்க.”

ஆரோக்கியசாமி என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. “சார், இந்த ஈஸ்டருக்கு அப்புறம் லிஸ்ட்டு வருது. எனக்கு இதான் கடைசி. வயசு தாண்டிட்டா சார்ஜ்மேனாவே ரிட்டயர் ஆவணும். மோல்டிங் மொத்தமும் நான்தான் பாக்கறேன், பேரு மட்டும் வேற ஆளுக்கு. ஒரு எலும்பு போட்டதுக்கு மாணிக்கம் மண்ணு சலிச்சிகினு கீறான். இது இத்தினி வருசம். தெரிஞ்சா என்னைய உலையிலயே போட்ருவாரு.”

பிலோமினா அழவில்லை. ஆனால் பூனையையும் பார்க்கவில்லை. “ஒரு துண்டு மீனு வெச்சா அது பொழைச்சிக்கும்னு எனக்குத் தெரியாதா சார்? ராத்திரியெல்லாம் அது கத்துறது காதுல கேக்குது. வெச்சா நேர்த்தி போயிரும். நேர்த்தி போனா இவரு வேலை போயிரும். வெக்காட்டி அது போயிரும். நீங்களே சொல்லுங்க.”

மதிலைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்தேன். மேனேஜரிடம் சொன்ன ஒரு மணி நேரத்தில் பாதி மிச்சம் இருந்தது. உண்மையைச் சொன்னால் பூனை பிழைக்கும், ஒரு மனிதரின் கடைசி வாய்ப்பு போகும். சொல்லாமல் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தால் பூனை போகும், அந்தப் பாவம் யார் தலையிலும் விழாது, என் பதிவேட்டில் ஒரு கோடு மட்டும். டிரைவர் மூலம் திருட்டுத்தனமாக மீன் அனுப்பலாம். அப்புறம் மணல் சலிக்க மாணிக்கத்துக்குத் துணை கிடைக்கும். பொய் சொல்லி ஏமாற்றலாம் என்றும் தோன்றியது. அதில் ஒரு சிக்கல்: பிராணிக்குச் சொந்தக்காரரிடம் ஒரு முறை பொய் சொன்னால், அடுத்த முறை நீங்கள் உண்மை சொல்லும்போதும் அதே முகத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவருக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நாளில் உங்களுக்கும் தெரியாது.

எங்கள் மருந்தகத்தின் பின்புறம், கடும் நோயுற்ற கால்நடைகளை வைத்துப் பார்க்க ஒரு கொட்டகை உண்டு. உள்நோயாளிக் கொட்டகை என்று பெயர். பசுவும் எருமையும் மட்டுமே அங்கே தங்கியிருக்கின்றன. ஆனால் விதியில் அப்படிப் போடவில்லை. “மருத்துவரின் தீர்மானப்படி, தொடர் சிகிச்சை தேவைப்படும் பிராணி” என்று மட்டும் இருந்தது. அங்கே சேர்த்துவிட்டால் தீவனம், மருந்து எல்லாம் மருத்துவர் பொறுப்பு. இதை எழுதியவர் பூனையை நினைத்திருக்க மாட்டார். விதிகளின் அழகே அதுதான்.

மேனேஜரிடம் சொன்னேன். “கோமளாவை மருந்தகத்துல சேர்க்கணும். ஈஸ்டர் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.”

ஈஸ்டர் என்று ஏன் சொன்னேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“என்ன சிகிச்சை?”

“உணவும் மருந்தும் என் பொறுப்பு. விதிப்படி நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனா நீங்க வளர்த்தவர். என்ன குடுக்கறேன்னு நீங்க கேட்டா, மறைக்காம சொல்வேன். கேக்கறீங்களா?”

மேனேஜர் கோமளாவைப் பார்த்தார். அவள் திரும்பி வந்து, அவர் வேட்டி நுனியில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அந்தப் பழுப்புத் திட்டை விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

“கேக்கலை” என்றார்.

இளைய நண்பர்களே, சொந்தக்காரருக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று உங்களுக்குக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அதை அவரே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மருந்தகத்தின் உதவியாளர் கோவிந்தனுக்கு எருமைக் கொட்டகையில் ஒரு பூனையைச் சேர்ப்பது பெரிய கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஆனாலும் உற்சாகமாக ஓடிப்போய்க் கருவாடு வாங்கி வந்தார்.

“பூனைக்கு இத்த விட இன்னா சார் வேணும்? வாசனைக்கே எழுந்து குந்திக்கும்.”

“எழுந்து உட்காரும். அப்புறம் உப்பு அதைப் படுக்க வைக்கும். எடுத்துட்டுப் போங்க.”

இது இன்றும் உங்களுக்குப் பயன்படும். பூனைக்குக் கருவாடு பிடிக்கும் என்பது உண்மை. எனக்கு எலுமிச்சை ஊறுகாய் பிடிக்கும் என்பதும் உண்மை. அதற்காக என்னைச் சோற்றுக்குப் பதில் ஊறுகாய் தின்ன வைத்தால் என்ன ஆகும்? பிடித்ததையும் உகந்ததையும் குழப்பாதீர்கள். பால் என்றால் பூனைக்கு உயிர் என்பார்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போகும். பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகக் கொட்டவும் கூடாது. ஏரி மீனை உப்பும் மிளகாயும் இல்லாமல் அவித்து, முள் நீக்கி, முதல் நாள் அந்தத் தண்ணீரை மட்டும் சொட்டுச் சொட்டாக வாயோரம் விட்டோம். அவள் துப்பினாள். மறுபடி விட்டோம். மறுநாளும் அதே கதை. காதின் மஞ்சள் குறையவில்லை. அப்படியே தொடர்ந்தோம். ஒரு காலை, கோவிந்தன் கையிலிருந்த கரண்டியை அவள் தானாக எட்டி நக்கினாள். அன்று நான் ஒரு எருமைக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையைச் சிரித்துக்கொண்டே செய்தேன். எருமைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மாலையானால் மேனேஜரின் ஜீப் வந்துவிடும். கையில் அடுக்குப் பாத்திரம். தயிர் சாதம், அதில் மாதுளம் முத்து, கடுகு தாளிப்பு. கொட்டகை வாசலில் நின்று கோமளாவைப் பார்ப்பார். உள்ளே வரமாட்டார். வந்தால் வாசனை வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“இதையும் கொஞ்சம் குடுங்க, டாக்டர். பழகின சாப்பாடு.”

“தயிர் சாதம் வீணாகாது சார்” என்பேன். அது உண்மை. கோவிந்தன் அதை ஒரு பருக்கை விடாமல் தின்றார். “இன்னா சார் இது, பூனைக்கு மாதுளம்பழம்லாம் போட்டுகீறாங்க! பொறந்தா அந்த வூட்ல பூனையா பொறக்கணும்” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது பிலோமினா வருவார். அவரும் கொட்டகைக்குள் வரமாட்டார். வேலிக்கு வெளியே, மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு நிற்பார்.

“துன்னுதா சார்?”

“துன்னுதும்மா.”

“இன்னா துன்னுதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க.”

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. மதிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒருவர் சைவம், ஒருவர் நேர்த்தி. இருவரும் ஒரே பூனைக்காக, ஒரே விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் படாத பாடு படுகிறார்கள். நடுவில் நானும் கோவிந்தனும் மீன் அவித்துக்கொண்டிருக்கிறோம். பட்டப்படிப்பில் இதற்குப் பாடம் இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் கோமளாவை வீட்டுக்கு அனுப்பினேன். சதை பிடித்திருந்தாள். கூண்டைத் திறந்ததும் மேனேஜரின் காலைச் சுற்றி வந்தாள். சங்கு ஊதியதும் மதிலைத் தாண்டினாள், முதல் முயற்சியிலேயே. அடுத்த வாரம் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. ஆரோக்கியசாமி ஃபோர்மேன். மாதாவின் கருணை என்றார் பிலோமினா. தயிர் சாதத்தின் மகிமை என்றார் மேனேஜர். பதிவேட்டில் ‘இதர’ என்ற பத்தியில் நான் ஒரு கோடு போட்டு, ‘குணமானது’ என்று எழுதினேன்.

இங்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஃபோர்மேனுக்குக் குடியிருப்பில் வேறு தரத்து வீடு. அது ஆலையின் அந்தக் கோடியில், வார்ப்பட முற்றத்தைத் தாண்டி இருந்தது. கூடுதலாக ஒரு அறை, முன்னால் வராந்தா. பதவி உயர்ந்தவர் அங்கே மாறியே ஆக வேண்டும் என்பது ஆலையின் விதி. ஆரோக்கியசாமி என்னிடம் ஓடி வந்தார்.

“சார், வூடு மாத்திட்டா ரோசி இன்னா பண்ணும்? அவ்வளோ தூரம் லாரிங்க நடுவுல வந்தா அடிபட்டுரும். வராட்டி பட்டினி. வூடு வேணாம்னு எழுதிக் குடுத்தா ஏன்னு கேப்பாரு. இன்னான்னு சொல்றது?”

எனக்கும் வழி தெரியவில்லை. ஆலையின் விதிகள் என் அதிகாரத்துக்கு வெளியே. மேனேஜரைப் பார்த்து ஏதாவது பேசலாம் என்று கிளம்பிப் போனேன். அவர் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க டாக்டர். ஒரு நிமிஷம். குடியிருப்புல ஒரு சின்ன மாற்றம்.” நிமிராமலே சொன்னார். “ஆரோக்கியசாமி இருக்கிற வீட்டையே ஃபோர்மேன் தரத்துக்கு உயர்த்திட்டேன். ஒரு அறை கூடுதலாக் கட்டிடலாம். நிர்வாகக் காரணம்.”

“என்ன நிர்வாகக் காரணம் சார்?”

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கேட்டா சொல்வேன், டாக்டர். கேக்கறீங்களா?”

“கேக்கலை சார்” என்றேன்.

காப்பி வந்தது. குடித்துவிட்டு வந்தேன். அவருக்கு எப்போது தெரிந்தது, அன்று மதியமேவா, கொட்டகை வாசலிலா, அல்லது அந்த மதிலின் மேல் அவள் முதல் முறை ஏறிய நாளிலிருந்தே தெரியுமா என்பதை நான் இன்றுவரை அறியேன். வேலையாட்களுக்கான உபதேசம் மட்டும் தொடர்ந்தது. அதில் கோமளா அவ்வளவாக வரவில்லை என்று ஆரோக்கியசாமி சொன்னார். மாணிக்கம் மறுபடி ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு, தை முடியும் தறுவாயில், ஒரு நாள் ஆலையின் ஜீப் மருந்தகத்துக்கு வந்தது. மேனேஜர் மட்டும் இறங்கினார். கூண்டு இல்லை, அடுக்குப் பாத்திரமும் இல்லை. மழை குறைவு என்றார். ஏரி நிரம்பவில்லை என்றார். இரும்பு விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். கொட்டகைப் பக்கம் பார்த்தார். பிறகு, ரயில் நேரம் விசாரிப்பவரைப் போல, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

“டாக்டர், இந்த வருஷம் சாம்பல் புதன் என்னிக்கு வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”